தூவல்துறைக்கு மேலே நின்ற அம்பு

சூறைக்காற்று அடித்து ஓய்ந்து, கடலுக்குப் போன 'விண்மீன் மாதா' வள்ளம் திரும்பாமலே போய், தேடப் போன படகுகளும் கப்பல்களும் ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்காமல் கரைக்கு வந்து, டெரன்ஸுக்கும் கொஸ்மாஸுக்கும் சேசடிமைக்கும் கோயிலில் இறந்தோர் பூசை முடிந்து, கடற்கரை மணலில் மூவர் பெயரையும் வெட்டிய கல்லை நட்டு, அழுது தீர்ந்த ஊர் மறுபடி வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்கு இறங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தூவல்துறைக்கு மேலே ஆகாயத்தில் ஒரு கர்சர் வந்து நின்றது.

கம்ப்யூட்டரில் மவுசை நகர்த்தினால் கூடவே நகருமே, அந்த அம்புதான். வெள்ளை உடல், கறுப்பு ஓரம், இடப்பக்கம் சாய்ந்த தலை, பின்னால் ஒரு குட்டை வால். கோயில் கோபுரத்தில் பாதி உயரம் இருந்தது. எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் முகம் திருப்பாமல் நேராகவே தெரிந்தது. காக்கைகள் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தன. உச்சி வெயிலிலும் அதற்கு நிழல் விழவில்லை என்பதுதான் கருவாடு காயப்போடும் பெண்களுக்கு முதல் குறை. "இம்புட்டுப் பெருசா வந்து நிக்குது, ஒரு ஆளு ஒதுங்க நிழல் உண்டுமா?" என்றார்கள். டவுனிலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். கேமராவில் அது விழவில்லை. வெறும் வானத்தைப் படம்பிடித்துக்கொண்டு, மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, கம்பியில் உரசுகிறதா என்று மட்டும் பார்த்து, உரசவில்லை என்று தெரிந்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

ஊரில் அதைக் கண்டு மற்றவர்களைவிட அதிகமாகத் திடுக்கிட்டவள் மெல்சியா. அது அவள் வரைந்த அம்பு.

உலகத்தில் எத்தனையோ கம்ப்யூட்டர்களில், எந்த இடத்துக்கு மேலே போனால் அம்பு என்ன உருவம் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கும் சின்ன நிரல்தொகுப்பு ஒன்று உண்டு. சும்மா போகும்போது அம்பு, திறக்கக்கூடிய எதன்மேலாவது பட்டால் விரல் நீட்டிய கை, எழுதும் இடத்தில் நெட்டைக் கோடு, காத்திருக்கச் சொல்லும்போது மணல் கடிகாரம், பிடித்து நகர்த்தக்கூடியதன்மேல் விரித்த கை. அதை லைப்ரரி என்பார்கள். எங்கோ வெளிநாட்டில் யாரோ ஒருவர் எழுதி, பலர் கைமாறி, கடைசியில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கிடந்ததைக் கல்லூரிக் காலத்தில் மெல்சியா எடுத்துக்கொண்டாள். அந்த உருவங்களையெல்லாம் புள்ளி புள்ளியாகத் திரும்ப வரைந்தாள். அவள் வீட்டு மாடியிலிருந்து, அலைச் சத்தத்துக்கு நடுவே, பார்த்தேயிராத ஊர்களின் மேசைகளுக்கு அந்த அம்புகள் போயின. "மெல்சியா லைப்ரரி வச்சிருக்கா" என்று கேள்விப்பட்டு, பரீட்சைக்குக் கைடு புத்தகம் கேட்டு வந்த பிள்ளைகளும் உண்டு.

ஆகாயத்து அம்பும் அவள் லைப்ரரி சொன்னபடியே நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலே போனால் நெட்டைக் கோடாக நின்று மினுக் மினுக்கென்று துடித்தது. அன்றைக்குப் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள், டீச்சர் போதும் என்று சொல்லியும் நிறுத்தவில்லை. ஏலக்கூடத்துக்கு மேலே விரல் நீட்டிய கையானது. அது காட்டிய கூடையில் நல்ல சீலா மீன் இருக்கும் என்று வியாபாரிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏலம் கேட்டார்கள். வடக்குத் தெருவில் ஒரு வீட்டுக்கு மேலே மணல் கடிகாரமாக நின்றபோது, சாவு வரப்போகிறது என்று எல்லோரும் நடுங்கினார்கள். நடுங்கியபடியே சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து பிறந்த குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் மணல் கடிகாரம் எங்கே நின்றாலும் பெண்கள் வெந்நீர் வைக்கத் தொடங்கினார்கள். எதற்கு என்று கேட்டால், "எதுக்காச்சும் ஆகும்" என்பார்கள்.

மவுஸ் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி டீக்கடையில் கொஞ்ச நாள் ஓடியது. மாதாவின் கை என்றார்கள், புனித சவேரியார் என்றார்கள், ஏதோ பெரிய நாட்டுக்காரன் என்றார்கள். பங்குச்சாமியாரிடம் கேட்டார்கள். அவர் இளவயசுக்காரர், தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாதவர். "கை நல்ல கையா இருக்கணும்னு வேண்டிக்குவோம்" என்றார். அத்தோடு அந்தக் கேள்வி அடங்கியது. திருவிழாவுக்குக் கொடிமரம் நடுகிறவர்கள், அம்பின் வால் இடிக்காதபடி கொஞ்சம் தள்ளி நட்டார்கள். அது எதையும் இடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

பிறகு அம்பு கடலுக்குப் போனது. தொடுவானத்துக்கு அப்பால் போய் மறைந்தது. போய்விட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தபோது, மெல்சியா சிநேகிதி ஒருத்தியின் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்த சமயத்தில், அது திரும்பி வந்தது. வந்தது அம்பாக அல்ல. சிவப்பு வட்டம், வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, அதன் கீழே இறுக மூடிய கை. நேரே வந்து கனிஸ்டாவின் ஓட்டு வீட்டுக்கு மேலே நின்றது.

கனிஸ்டா டெரன்ஸின் மனைவி. டெரன்ஸ் மெல்சியாவின் தம்பி. கனிஸ்டா கல்யாணமாகி ஒரு கிறிஸ்துமஸ்கூட முழுதாகக் கொண்டாடாதவள். பூசையன்றும் கல் நட்ட அன்றும் அவள் அழவில்லை. கண் வற்றிப்போய்க் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர் அதைக் கவனித்து வைத்திருந்தது. இப்போது அவள் வீட்டுக்கு மேலே, விலகிப் போ என்று சொல்லும் வட்டமும், ஓங்கிய முஷ்டி மாதிரி ஒரு கையும் வந்து நின்றதும், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஊருக்கு நேரமாகவில்லை. குடிதண்ணீருக்கு அவளைக் கூப்பிட வரும் பெண்கள் வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் மூடியது. காணாமல் போன வள்ளத்தின் சொந்தக்காரரான கஸ்பார் சம்மாட்டி, கெட்ட மனுஷர் இல்லை, தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்று, "கொஞ்ச நாளைக்கு உங்க அம்மா வீட்டுல போய் இரேன், மக்கா. இது விலகுத வரைக்கும்" என்றார்.

"அவுக வந்து கதவைத் தட்டுனா யாரு திறப்பா, மாமா?" என்று கேட்டாள் கனிஸ்டா.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மெல்சியா பஸ்ஸை விட்டு இறங்கியபோதே தூரத்தில் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டியபடி தெருவில் ஓடினாள். மூடிக் கிடந்த கதவுகளைத் தாண்டி கனிஸ்டாவின் வீட்டுப் படியேறியபோது, அவள் முற்றத்தில் தனியாக உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, நீங்களாவது சொல்லுங்க. நான் ஏதும் பாவம் செஞ்சேனா? அழாம இருந்தது பாவமா?"

"யாரு சொன்னா பாவம்னு?"

"சொல்லணுமா? மேல முஷ்டிய ஓங்கிக்கிட்டு நிக்குதே."

"அது ஓங்குன கை இல்லட்டி. அந்த விரல் முட்டிய நான்தான் வரைஞ்சேன். குத்துற மாதிரித் தெரிஞ்சிரக் கூடாதுன்னு ஒரு மழைக்காலம் பூரா அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். அது எதையோ பிடிச்சிருக்க கை."

கனிஸ்டாவின் கையில் முறம் நின்றது. "எதப் பிடிச்சிருக்கு?"

"தெரியல. எங்கிருந்தோ எதையோ தூக்கிட்டு வந்திருக்கு. இறக்கி வைக்க இடம் தேடுது. அந்த வட்டத்துக்கு அதான் அர்த்தம். இங்க இறக்க முடியாது, இடமில்லன்னு சொல்லுது. உனக்குச் சொல்லல. தூக்கிட்டு வந்தவுகளுக்குச் சொல்லுது."

"யாரு தூக்கிட்டு வந்தது?"

"அது என் வேலையில வராது, கனிஸ்டா. எந்த இடத்துல என்ன உருவம் காட்டணும்ங்கதுதான் என் லைப்ரரி. கை யாரோடதுன்னு அதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கனிஸ்டாவின் முழங்கையில் விழுந்தது. வானத்தில் மேகம் இல்லை. அவள் அதைப் பார்த்தாள், நாக்கில் வைத்தாள். இன்னொரு சொட்டு அரிசியில் விழுந்தது. காற்றில் லேசாக டீசல் வாடையும் ஐஸ்பெட்டி வாடையும் வந்தன.

"உப்பு" என்றாள் அவள். பிறகு எழுந்து நின்றாள். முறம் கவிழ்ந்தது. "வள்ளம், மைனி. வள்ளத்தத் தூக்கிட்டு வந்திருக்கு. அவ்வளவு பெரிய வள்ளம் இந்த ஓட்டு மேல எப்படி இறங்கும்?"

அவள் வாசலுக்கு வெளியே காலை வைத்ததும் வட்டமும் கையும் கூடவே நகர்ந்தன. அவள் நின்றால் நின்றன. கிழக்கே நடந்தால் கிழக்கே வந்தன. கொண்டுவந்ததை ஒப்படைக்க ஆள் இவள்தான் என்று அந்தக் கைக்கு யாரோ சொல்லி அனுப்பியதுபோல, தலைக்கு மேலே சிவப்பு வட்டத்தோடு, பாதையெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டு வர, கனிஸ்டா தெருவழியாகக் கடற்கரைக்கு நடந்தாள். மூடிய ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மெல்சியா பின்னால் வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் கையின் அர்த்தத்தைச் சொன்னாள். முதலில் ஒருத்தி தெருவில் இறங்கினாள். அவள் சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்; வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கடைசியில் வீட்டுக்குள் யாரும் இல்லை.

தூவல்துறைக் கரையில் அலைதடுப்புப் பாறைகள் போக, ஒரு வள்ளம் அலுங்காமல் இறங்கும்படியான சமதரை ஒன்றுதான் உண்டு. அதில் நாலைந்து வள்ளங்கள் ஏறிக் கிடந்தன, வலைகள் காய்ந்தன, கருவாடு விரித்திருந்தது. கஸ்பார் சம்மாட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளுங்கலே!" என்று கத்தினார். தள்ளினார்கள். வலைகளைச் சுருட்டினார்கள். பெண்கள் பாய் பாயாகக் கருவாட்டை அள்ளித் தடுப்புப் பாறைமேல் கொட்டினார்கள். நங்கூரங்களையும் மிதவைகளையும் உடைந்த ஐஸ்பெட்டிகளையும் அப்புறப்படுத்தினார்கள். கனிஸ்டாவோடு பேசாதிருந்தவர்கள் அவள் காலடி மணலைக் கையால் சமப்படுத்தினார்கள். ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க நேரமில்லை.

இடம் காலியானது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வட்டம் போகவில்லை.

"இன்னும் என்ன இருக்கு?" என்றார் சம்மாட்டி.

எல்லோருக்கும் தெரிந்தது. சமதரையின் நடுவில் அந்தக் கல் நின்றது. மூன்று பெயர், மேலே ஒரு சிலுவை. கல்லைச் சுற்றி இரண்டு கையையும் போட்டுக்கொண்டு சவேரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கொஸ்மாஸின் தாய். சேசடிமைக்குக் கேட்பாரும் இல்லை, மேய்ப்பாரும் இல்லை. ஆனால் கொஸ்மாஸுக்குத் தாய் இருந்தாள். தினமும் சாயங்காலம் அந்தக் கல்லைக் கழுவித் துடைத்து, மகன் பெயரை விரலால் தடவிவிட்டுப் போகிறவள்.

சாமியார் அருகே போனார். "நான் மந்திரிச்சு நட்ட கல்லு, அம்மா. எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரல. எடுக்க வேண்டாம்னும் சொல்ல முடியல."

"சொல்லாதிய, சாமி" என்றாள் சவேரியம்மாள். "கடல் எம் பிள்ளைய எடுத்துச்சு. சவத்தக்கூடத் தரல. மூடி வைக்க ஒரு குழி இல்ல எனக்கு. இந்தக் கல்லுலதான் அவன் இருக்கான். இதையும் பிடுங்கிட்டு, மேல இருக்கது வெறுங்கைன்னா? அப்புறம் நான் எதத் தடவுவேன்?"

இடம் காலியானால் வட்டம் மறையும் என்பது மெல்சியாவுக்குத் தெரியும். கைக்குள் இருப்பது என்ன என்பதை அவள் எழுதவில்லை.

கனிஸ்டா மணலில் மண்டிபோட்டு சவேரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமி, நான் இன்னும் அழல. ஊரே அதச் சொல்லுது. ஏன் அழலன்னா, அழுதுட்டா அவுக செத்ததுக்கு நானும் சம்மதிச்ச மாதிரி ஆயிரும்னு பயம். இப்ப இந்தக் கல்ல எடுத்து, மேலயிருந்து ஒண்ணும் வரலன்னா, நான் அழுதிருவேன். உங்க மடியில படுத்து அழுவேன். அப்ப நீங்க என்னையத் தடவுங்க."

அலை வந்து போனது, வந்து போனது. சவேரியம்மாள் மேலே பார்க்கவில்லை. சொட்டு விழுகிறதா என்றும் பார்க்கவில்லை. கனிஸ்டாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு கல்லை விட்டுக் கையை எடுத்து, கல்லின் அடி மணலை ஒரு பிடி அள்ளி, தூரப் போட்டாள்.

"கடப்பாரை கொண்டாங்க" என்றாள். "எம் பிள்ளை பேரு மேல படாம நெம்புங்க."

கல்லை நெம்பி எடுத்தார்கள். நாலு பேர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பாறைகளுக்கு அப்பால் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். குழியை மூடினார்கள். சவேரியம்மாள் தன் சேலை முந்தானையால் அந்த இடத்தைச் சமமாகத் தடவிவிட்டு எழுந்தாள்.

வட்டம் அணைந்தது.

கை மட்டும் நின்றது. மெல்ல இறங்கியது. கூட்டம் மூச்சுவிடாமல் பின்வாங்கியது. மணலுக்கு மிக அருகில் வந்து, முதலில் சுண்டுவிரல் பிரிந்தது, அப்புறம் அடுத்தது. விரல்கள் விரிய விரிய, வெறும் காற்றாக இருந்த இடத்தில் ஒரு வள்ளத்தின் அடிப்பாகம் தெரிந்தது. பச்சைப் பெயிண்ட் தெரிந்தது. தொங்கிக்கொண்டிருந்த வலை தெரிந்தது. 'விண்மீன் மாதா' என்ற எழுத்துகள் தெரிந்தன. பழுத்த இலை தரையைத் தொடுவதைவிட மெதுவாக அது மணலில் உட்கார்ந்தது. தண்ணீர் வடியும் ஓட்டைகள் வழியாகக் கடல்தண்ணீர் கொட்டியது. உள்ளே மீன்கள் துள்ளுகிற சத்தம் கேட்டது.

ஒரு தலை எழுந்தது. கொஸ்மாஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கரை முழுக்க நிற்கும் ஊரைப் பார்த்து, பயந்து போய்க் கேட்டான்:

"என்னம்மா, எல்லாரும் இங்க நிக்கிய? யாரு செத்தது?"

சவேரியம்மாள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறினாள். இந்த வயதில் அவள் ஏறுவாள் என்று யாரும் நினைத்ததில்லை. ஏறி, இரண்டு கையாலும் மகன் முதுகில் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள், அவன் "ஏம்மா, ஏம்மா" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டான். சேசடிமை இறங்கியதும், கேட்பாரில்லாத அவனைப் பிடித்துக்கொள்ள அத்தனை கைகள் நீண்டதில் அவன் திகைத்து மறுபடி வள்ளத்துக்குள் ஏறப் பார்த்தான். டெரன்ஸ் கடைசியாக இறங்கினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரே ஒரு ராத்திரிதான் அவர்களுக்குக் கழிந்திருந்தது.

"காத்து நின்னுட்டுதா, கனிஸ்டா?" என்றான்.

கனிஸ்டா அப்போதுதான் அழுதாள். அந்த அழுகை கோயில் வரைக்கும் கேட்டது என்பார்கள். மெல்சியா தம்பியின் அருகே போகவேயில்லை. தூரத்தில் நின்று, அவன் ஈரத் தலையையும், அதற்கு மேலே விரிந்து நின்ற தன் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறந்தோர் பூசையைத் திரும்பப் பெற எந்தச் செபம் சொல்வது என்று சாமியாருக்குத் தெரியவில்லை. ஈஸ்டருக்கு அடிக்கும் உயிர்ப்புப் பெருவிழா மணியை அடிக்கச் சொன்னார். ஐஸில் இருந்த மீனை விற்க வேண்டாம் என்று சம்மாட்டி சொல்ல, ஊரே ஒரே அடுப்பில் குழம்பு வைத்துச் சாப்பிட்டது.

மணிச் சத்தம் எதற்கென்று கேட்டு வந்தவர்கள் சேதியைக் கொண்டுபோனார்கள். அக்கம்பக்கத்துக் கரைகளில் எத்தனையோ கற்கள் உண்டு; போன புயலில் நட்டவை, அதற்கு முந்தைய புயலில் நட்டவை, எழுத்து அழிந்துபோனவை. மறுநாள் காலையில், மணற்குடியிலிருந்து நடந்தே வந்த ஒரு பெண் மெல்சியாவின் வீட்டு வாசலில் நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"எம் புருசன் போகும்போது எனக்கு இருபது வயசு. இப்பவும் இறக்குமா, தாயி?"

"இடம் காலியா இருந்தா வட்டம் போயிரும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றாள் மெல்சியா. பொய் சொல்ல மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அவுக வந்தா, அவுகளுக்கு அதே வயசாத்தான் இருக்கும். நீங்க…"

"நான் கிழவிதான்" என்றாள் அந்தப் பெண். "இருக்கட்டும். வரட்டும்."

அவள் திரும்பி நடந்தாள். மெல்சியா கோயில் கோபுரத்தில் ஏறினாள். தெற்கே பார்த்தாள், வடக்கே பார்த்தாள். கண்ணுக்கெட்டிய கரை முழுக்க ஊர் ஊராக ஜனங்கள் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்; வலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்; பெண்கள் கற்களை நெம்பிக்கொண்டிருந்தார்கள். ஈரக் கடலோரத்தில், துடைத்துவைத்த தட்டுகள்போல, வெள்ளை வெள்ளையாக வெறும் மணல் இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போயின. ஒவ்வொன்றின் ஓரத்திலும் யாரோ ஒருவர் தலையைத் தூக்கி நின்றார்.

ராத்திரி முழுக்கக் கரைக்கு மேலேயே நின்ற கை கிளம்பியது. விரல்களை விரித்தபடியே கடலுக்கு மேலே போனது, சிறுத்தது, தொடுவானத்தின் ஓரத்தில், ஒரு புள்ளி அளவுக்கு, வெகுநேரம் அங்கேயே நின்றது. எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு அது மெல்ல, ஒவ்வொரு விரலாக, மூடியது.